பொன்குஞ்சும் உள்ளூர் மாடும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



 வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் பேசுகிறான் என்றதும் வைப்புத்தொகை வட்டி, நாமினி, இணைய மோசடி என்று ஏதாவது சொல்வான் என நினைத்திருப்பீர்கள். அவற்றை இன்னொரு நாள் பார்ப்போம். நிறுவனங்களை நடத்துகிறவர்கள் தங்கள் கையில் இருக்கும் பொருளையும் திறமையையும் எடை போடும்போது எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. நமது சங்கமும் ஒரு சிறிய நிறுவனம்தானே. அடுத்த மாதம் பொதுக்குழு கூடுகிறது. பதினைந்து வயதான ஜெனரேட்டரை மறுபடியும் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்யப் போகிறோம். அதற்கு முன்னால் இதைப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதிகளில் ஒன்று, ஆண்டு இறுதியில் சரக்கிருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்பது. நூறு ரூபாய்க்கு வாங்கிய துணி இன்று அறுபது ரூபாய்க்குத்தான் போகும் என்றால், ஏட்டில் அறுபதுதான். முதலாளிக்கு மனசு கேட்காது. "நல்ல சரக்கு சார், தீபாவளிக்குப் போயிடும்" என்பார். தணிக்கையாளர் கேட்க மாட்டார். தன் சரக்கைத் தானே மதிப்பிடுகிறவன் கூட்டித்தான் சொல்வான் என்று தெரிந்துதான் இப்படி ஒரு விதியை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நிறுவனத்தின் பலம் கிடங்கில் இருக்கும் சரக்கு மட்டும் இல்லை. முப்பது வருடம் வேலை பார்த்த ஃபோர்மேனின் கைப்பழக்கம், முகவர்களின் நம்பிக்கை, ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அறிவு, மக்களிடம் உள்ள பெயர் எல்லாம் பலம்தான். இவற்றில் பெரும்பாலானவை இருப்புநிலைக் குறிப்பில் வருவதில்லை. தானாக வளர்ந்த நற்பெயரை ஏட்டில் எழுதக்கூடக் கூடாது. ஆகவே இவற்றுக்கு விதியும் கிடையாது, தணிக்கையாளரும் கிடையாது. நிர்வாகியின் மனம் சொல்வதுதான் விலை.

ஜே பார்னி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991-இல் எழுதிய ஒரு கட்டுரை நிர்வாகவியலில் மிகவும் பேசப்பட்டது. ஒரு நிறுவனத்துக்கு நீடித்த பலம் தரும் வளம் எது என்று கண்டுபிடிக்க அவர் நான்கு சோதனைகளைச் சொன்னார். அது பயன் உள்ளதா? மற்றவர்களிடம் இல்லாததா? எளிதில் நகல் எடுக்க முடியாததா? அதற்கு மாற்று எதுவும் இல்லையா? கேள்விகள் எளிமையானவை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வளத்தோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவர். அவருடைய தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். இந்தச் சாய்வுகளைப் பற்றி டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970-களில் முறையாக எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆராய்ச்சிக்காகக் கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-லேயே காலமாகிவிட்டார்.

அவர்கள் எழுதியதன் சாரத்தை நம் பாட்டிமார்கள் இரண்டு பழமொழியில் சொல்லிவிட்டார்கள். ஒன்று, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இன்னொன்று, உள்ளூர் மாடு விலை போகாது. தன்னுடையது என்பதாலேயே ஒன்றை உயர்த்திப் பார்க்கிறோம். கூடவே இருக்கிறது என்பதாலேயே இன்னொன்றைத் தாழ்த்திப் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். ஆனால் ஒரே நிர்வாகம், ஒரே காலத்தில், இரண்டையும் செய்ய முடியும்.

முதலில் பொன்குஞ்சு. நகைக் கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது தினசரி அனுபவம். வாடிக்கையாளர் ஒரு அட்டிகையைக் கொண்டு வருவார். செய்கூலி, சேதாரம், கல், அம்மா கல்யாணத்துக்குப் போட்டது என்ற பாசம் எல்லாம் சேர்த்து ஒரு தொகையை மனதில் வைத்திருப்பார். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, கல் எடையைக் கழித்து, நிகரத் தங்கத்துக்கு ஒரு தொகை சொல்வார். வாடிக்கையாளரின் முகம் வாடிவிடும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் சொந்தக்காரர், ஒருவர் வெளியாள். அவ்வளவுதான்.

இதைக் கானமனும் வேறு இரு அறிஞர்களும் சோதனை செய்து 1990-இல் வெளியிட்டார்கள். மாணவர்களில் சிலருக்கு ஒரு சாதாரணக் காபிக் கோப்பையை இலவசமாகக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் சொன்ன விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோப்பை கையில் வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அப்படியென்றால், நாற்பது வருடம் நடத்திய தொழிற்சாலையை ஒருவர் எப்படி மதிப்பிடுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். கோடக் நிறுவனம். நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்த மஞ்சள் பெட்டியைக் கையில் வைத்திருந்தவர்கள்தான். கல்யாண ஆல்பத்துக்கு முப்பத்தாறு ஃபோட்டோ ரோல் வாங்கி, ஒன்றுகூட வீணாகாமல் எடுத்த காலம்.

அதை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் யார் தெரியுமா? அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரு சேமிப்பு வங்கியில் கிளார்க். எங்கள் இனம்! பகலில் பேரேடு எழுதிவிட்டு, இரவில் வீட்டில் புகைப்படத் தகடு செய்து பார்த்தவர். 1881-இல் வேலையை விட்டார். அன்று கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுப்பார்கள். அந்தத் தகடு வியாபாரம் அவருக்கு நன்றாகவே நடந்தது. ஆனாலும் அவர் சுருட்டக்கூடிய ஃபில்முக்கு மாறினார். 1888-இல் கோடக் கேமரா வந்தது. தனக்குச் சோறு போட்ட தகட்டை அவர் பொன்குஞ்சாக நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1975-இல் அதே நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் ஒரு கருவியைச் செய்தார். எடை சுமார் 3.6 கிலோ. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆகும். அதைத் தொலைக்காட்சித் திரையில் பார்க்கலாம். உலகின் முதல் டிஜிட்டல் கேமரா என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். மேலதிகாரிகளுக்குக் காட்டியபோது, படத்தை யார் டி.வி.யில் பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்விதான் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் "முட்டாள்கள்" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அதுவும் ஒரு மனச்சாய்வுதான். முடிவு தெரிந்த பிறகு எல்லாம் முன்னமே தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். 1975-இல் அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தால் நாமும் சிரித்திருப்போம். ஆகவே அதை விட்டுவிடுவோம். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

1981-இல் சோனி நிறுவனம் ஃபில்ம் இல்லாத மின்னணுக் கேமரா ஒன்றை அறிமுகம் செய்தது. கோடக் நிர்வாகம் உடனே ஓர் ஆய்வு நடத்தியது. இந்தத் தொழில்நுட்பம் ஃபில்மை ஓரங்கட்டும், ஆனால் அதற்குச் சுமார் பத்து வருடம் அவகாசம் இருக்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. கணிப்பு பெரிய அளவில் தவறவில்லை. கையில் அறிக்கை இருந்தது, பணம் இருந்தது, விஞ்ஞானிகள் இருந்தார்கள். ஆனாலும் பார்னியின் நான்காவது சோதனை, அதாவது இதற்கு மாற்று உண்டா என்ற கேள்வி, நிர்வாகத்தின் மனதில் இறங்கவில்லை. ஒரே அறிக்கையில் "ஓரங்கட்டும்" என்பதும் இருக்கிறது, "பத்து வருடம்" என்பதும் இருக்கிறது. நமக்குப் பிடித்த வரியைத்தான் நாம் அடிக்கோடிடுகிறோம். ஃபில்மில் வந்த லாபம் அப்படிப்பட்டது.

அந்தப் பத்து வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1988-இல் கோடக் 510 கோடி டாலர் கொடுத்து ஸ்டெர்லிங் என்ற மருந்து நிறுவனத்தை வாங்கியது. நமக்கு வேதியியல் தெரியும், மருந்தும் வேதியியல்தானே என்ற எண்ணம். 1994-இல் அதைப் பிரித்து விற்றுவிட்டு வெளியேறியது. தன் திறமை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கணிப்பதிலும் மனிதனுக்குத் தாராளம் அதிகம். 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் கேட்கப்பட்டவர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் சராசரியைவிட நன்றாகக் கார் ஓட்டுவதாகச் சொன்னார்கள். நம் பார்க்கிங்கில் கேட்டால் நூறு வரும்.

சரி, உள்ளூர் மாடு எங்கே? அதே கோடக்கின் ஆய்வுக்கூடத்தில்தான் கட்டியிருந்தது. பிரைஸ் பேயர் என்ற விஞ்ஞானி சிவப்பு, பச்சை, நீலம் என்ற வண்ண வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். 1976-இல் கோடக்குக்குக் காப்புரிமை கிடைத்தது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக் கேமராவில் வண்ணம் பிறப்பது பெரும்பாலும் அந்த முறையை ஒட்டித்தான். 1987-இல் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர், இன்று விலை உயர்ந்த டி.வி.யிலும் கைபேசியிலும் இருக்கும் ஓலெட் திரைக்கு அடித்தளம் போட்டு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இருவரும் கோடக் ஊழியர்கள். 2009-இல் கோடக் அந்த ஓலெட் பிரிவை எல்.ஜி. குழுமத்துக்கு விற்றுவிட்டது. கைச்செலவுக்கு அட்டிகையை விற்றதுபோல ஆயிற்று.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்று. நேற்று வரை சம்பாதித்துக் கொடுத்தது எதுவோ, அது நிர்வாகியின் கண்ணுக்குப் பொன்குஞ்சு. இன்னும் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காதது எதுவோ, அது உள்ளூர் மாடு. வளத்தின் மதிப்பு நாளை அது என்ன செய்யும் என்பதில் இருக்கிறது. மனமோ நேற்றைய வரவுப் பக்கத்தைப் பார்த்து விலை போடுகிறது.

2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கையில் இருந்த டிஜிட்டல் காப்புரிமைகளை விற்றுக் கடனைச் சமாளிக்கலாம் என்று திட்டம். அவை 220 கோடி முதல் 260 கோடி டாலர் வரை போகும் என்று நிறுவனத் தரப்பில் மதிப்பீடு சொன்னார்கள். அந்த வருடக் கடைசியில் கிடைத்தது சுமார் 52 கோடி டாலர். அவசரத்தில் விற்பவனுக்குப் பேரம் பேசும் பலம் குறைவு என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. காலமெல்லாம் கவனிக்காமல் இருந்த மாடு, விற்கும் நாளில் திடீரென்று பொன்குஞ்சாகிவிட்டது!

இதே புயலில் சிக்கிய இன்னொரு கப்பல் ஜப்பானின் ஃபூஜிஃபில்ம். அதற்கும் ஃபில்ம்தான் முதுகெலும்பு. 2003-இல் ஷிகேடகா கோமோரி தலைமை நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். அவருடைய காலத்தில் நிறுவனம் செய்தது, ஒரு வணிகவியல் மாணவனுக்கு மிகவும் பிடித்த வேலை. தொழில்நுட்பங்களைச் சரக்கிருப்பு எடுப்பதுபோல ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். நமக்கு ஃபில்ம் செய்யத் தெரியும் என்று எழுதி முடித்துவிடவில்லை. ஃபில்ம் செய்வதற்குள் என்னென்ன தெரியும் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஃபில்மின் முக்கியப் பொருள் ஜெலட்டின். அது கொலாஜனிலிருந்து வருகிறது. நம் தோலிலும் இருப்பது கொலாஜன்தான். புகைப்படம் மங்காமல் காக்கும் வேதியியலும் அவர்களுக்குத் தெரியும். முக அழகுப் பொருள் சந்தையில் இறங்கினார்கள். ஃபில்ம் அடிப்படைத் தாளைச் செய்யும் திறமை, எல்.சி.டி. திரைகளுக்கு வேண்டிய மெல்லிய படலம் செய்யப் பயன்பட்டது. இதெல்லாம் வலி இல்லாமல் நடக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனால் நிறுவனம் நிலைத்தது.

கோடக் டிஜிட்டலைத் தொடவே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2005-இல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்தில் இருந்ததே கோடக்தான். ஃபில்மில் பார்த்த லாபம் அதில் இல்லை, அவ்வளவுதான். தோல்விக்குக் காரணம் பல. கையிருப்பைச் சாய்ந்த தராசில் நிறுத்தது அவற்றுள் ஒன்று.

இதற்கு மருந்து உண்டா? சாய்வை அடியோடு நீக்க முடியாது. கானமனே, இவ்வளவு ஆராய்ந்தும் தன் மனம் பெரிதாகத் திருந்தவில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆனால் சாயும் என்று தெரிந்தால் முட்டுக் கொடுக்கலாம். நான் மூன்று வழி சொல்கிறேன்.

முதல் வழி, புது ஆளின் கண்ணால் பார்ப்பது. 1985-இல் இன்டெல் நிறுவனம் நினைவகச் சில்லு வியாபாரத்தில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. நிறுவனம் தொடங்கியதே அந்தச் சில்லுக்காகத்தான். விட மனமில்லை. அப்போது ஆண்ட்ரூ குரோவ் தன் சகா கார்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார். நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத்தை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்விட்டு உள்ளே வந்ததாக வைத்துக்கொண்டு அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள். பிறகு மைக்ரோபிராசசரில் இன்டெல் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது வழி, போட்ட பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுப்பது. பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் ஒப்பந்தம் போட்டு கான்கார்டு விமானத்தைச் செய்தன. செலவு ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு செலவழித்த பிறகு நிறுத்துவதா என்று தொடர்ந்தார்கள். கடைசியில் விமான நிறுவனங்களில் பறந்தவை 14 மட்டுமே. போன பணம் போனதுதான். இனிமேல் போகப்போவதும் வரப்போவதும் மட்டுமே முடிவுக்கு உரியவை.

மூன்றாவது வழி, வெளியாளின் உரைகல். நகைக்கு மதிப்பீட்டாளர் இருப்பதுபோல, இதில் ஆதாயமோ பாசமோ இல்லாத ஒருவரிடம் விலை கேட்பது. விற்பனைக்கு வருகிறவர் அந்த ஆள் இல்லை. பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரரும் இல்லை.

இப்போது நம் ஜெனரேட்டருக்கு வருவோம். புயல் வந்த வருடம் மூன்று நாள் நம்மைக் காப்பாற்றியது. அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் நன்றியை மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது. "போன வருடம்தான் இவ்வளவு செலவு செய்தோம்" என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தியையும் சேர்க்கக் கூடாது. நேற்றுத்தான் இந்தக் குடியிருப்பில் குடியேறிய ஒருவர், இந்த இயந்திரத்தை இன்றைய நிலையில், இன்றைய விலைக்கு வாங்குவாரா? இதை ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு பொதுக்குழுவுக்கு வாருங்கள். மற்றவர் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் எழுதுவது முக்கியம். பழுது பார்ப்பதே சரி என்று வந்தாலும் வரலாம். புதியது என்பதாலேயே உயர்ந்தது என்று நினைப்பதும் சாய்வுதான்.

நம் உள்ளூர் மாடுகளையும் ஒருமுறை கணக்கெடுப்போம். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கும் நம் காவலருக்கு எந்த வால்வைத் திறந்தால் எந்தப் பிளாக்குக்குத் தண்ணீர் போகும் என்பது மனப்பாடம். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சம்பள உயர்வு பேசும்போது அதற்கு நாம் என்ன விலை வைத்தோம்? அலுவலக அலமாரியில் பதினைந்து வருடப் பழுது ரசீதுகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. ஜெனரேட்டரின் உண்மையான செலவு அதற்குள் இருக்கிறது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மின்வாரியத்திலும் பொதுப்பணித் துறையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள். வெளியில் ஆலோசகரைத் தேடுகிறோம்.

ரசீதுகளைக் கூட்டிப் பட்டியல் போடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கூட்டல் கழித்தல் நாற்பது வருடப் பழக்கம். மின்வாரிய நண்பர்கள் யாராவது இயந்திரத்தைப் பார்த்து ஒரு பக்க அறிக்கை தந்தால் போதும். காவலரிடம் கேட்டு வால்வு வரைபடம் போட, கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் முன்வந்தால் நல்லது. மூன்றும் தயாராக இருந்தால், பொதுக்குழுவில் கையைத் தூக்கும்போது எதை நிறுத்தோம், எதில் நிறுத்தோம் என்று நமக்கே தெரியும்.